திருநெல்வேலியைச் சுற்றி ஒரு நாள் படப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லையில் தங்கி, காலையில் கிளம்பி இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிட நினைக்கும் படப்பிடிப்பு ஆர்வலர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள சில இடங்களும் இதில் வருகின்றன. நிர்வாக எல்லைகள் மாறியிருந்தாலும், பயணம் தொடங்குவது நெல்லையிலிருந்துதான்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

நெல்லைச் சீமையில் காட்சியைத் தீர்மானிப்பது தண்ணீர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்க, இந்தப் பக்கம் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துக்குச் சாரலும் மேகமும் வந்து சேரும். அதே நாளில் பாளையங்கோட்டையில் வெயிலும் காற்றும் மட்டுமே இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். குளங்கள் பெருகி மறுகால் பாயும், பிசான நடவு (இந்தப் பருவத்து நெல் நடவு) நடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை இங்கு யாரும் மறக்கவில்லை. ஆகவே, டிசம்பரில் வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

ஒரே முறைதான் வர முடியும் என்பவர்களுக்கு ஜனவரி பிற்பாதியையும் பிப்ரவரியையும் பரிந்துரைக்கிறேன். மழை கழுவிவிட்ட வானம், நிறைந்த குளங்கள், வலசை வந்த பறவைகள், பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறத் தொடங்கும் பிசான வயல்கள் ஆகிய நான்கும் அப்போது ஒன்றாகக் கிடைக்கும். அருவிதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் ஜூலையில் வரலாம்.

காலையில் குற்றாலம், மாலையில் திருச்செந்தூர் என்று ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பார்த்துவிடலாம், படம் எடுக்க முடியாது. இரண்டும் நெல்லையிலிருந்து எதிரெதிர்த் திசையில் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. நல்ல வெளிச்சம் உள்ள நேரமெல்லாம் வண்டியிலேயே கழிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்வதே உத்தமம்.

மேற்கே மலை, கிழக்கே கடல் என்னும் அமைப்பு வெளிச்சத்தையும் பங்கிட்டுத் தருகிறது. காலை வெயில் நேராக மலை முகத்தில் விழுவதால், பாறை மடிப்பும் காடும் துலங்கித் தெரியும். பத்து மணிக்கு மேல் உச்சிகளில் மேகம் கூடத் தொடங்கிவிடும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால், அடிவார ஊர்களில் சூரிய அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே நிழல் படர்ந்துவிடும். எனவே மலைக்குப் போகிற நாளில் இருட்டோடு கிளம்ப வேண்டும். ஆண்டு முழுவதும் இங்கு சூரியன் எழுவது காலை 6 மணிக்கும் 6.40 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். தேரிக்காடு என்னும் செம்மணல் மேடுகளுக்கும் காற்றாலைகளுக்கும் பிற்பகலில் கிளம்பினாலும் குறைவில்லை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் ஒதுக்கிவிடலாம்.

நகரத்தை விட்டு வெளியே போகாமல் என்ன எடுக்கலாம்?

முதலில் குறுக்குத்துறை. ஆற்றுப் படுகைக்குள்ளேயே பாறையில் அமைந்த முருகன் கோயில் அது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரை மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவரும் மண்டபமும் தண்ணீரை அப்படியே தாங்கி நிற்கும். வெள்ளம் வடிந்த சில நாட்களில் போய்ப் பாருங்கள்: தூண்களின் இடுக்கில் வாழைச் சருகும் கோரையும் சிக்கியிருக்கும், கல்லில் வண்டல் படிந்த கோடு மனித உயரத்துக்கு மேலே நிற்கும், அதன் கீழே ஒருவர் நிதானமாகத் துணி துவைத்துக்கொண்டிருப்பார். நெல்லைக்கும் தாமிரபரணிக்கும் உள்ள உறவை ஒரே சட்டகத்தில் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, கொக்கிரகுளம் கரையிலிருந்து சுலோசன முதலியார் பாலம். நெல்லையையும் பாளையையும் இணைக்கும் இந்தப் பாலத்தைச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்தார். 1843இல் திறக்கப்பட்ட அதன் பதினொரு வளைவுகளும் ஆற்றில் தண்ணீர் மிதமாக ஓடும் காலத்தில் அழகாகப் பிரதிபலிக்கும். பாலத்தின் மேலே நின்று எடுப்பதில் பயனில்லை. போக்குவரத்துதான் படத்தில் விழும். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் 1826ஆம் ஆண்டைச் சேர்ந்த தூய திரித்துவப் பேராலயம் இருக்கிறது. ஊசிக்கோபுரம் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் 1973இல் கட்டப்பட்டது. இரவில் வாகன விளக்குகளை ஒளிக்கோடுகளாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு அது ஏற்றது. டவுனை ஒட்டிய நயினார்குளத்தில் தண்ணீர் இருந்தால் அதிகாலையில் நீர்க்காகங்களும் நாரைகளும் கிடைக்கும்.

கோயில்களுக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா?

இல்லை என்றே எண்ணிக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்லத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களையும் தாமிர சபையையும் கண்ணால் பார்த்து வர வேண்டியதுதான். இதில் வருந்த ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். கையில் கருவி இல்லாதபோதுதான் பலர் அந்தத் தூண்களின் அருகே நின்று உற்றுப் பார்க்கிறார்கள்.

ஆனித் திருவிழாவில் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வரும்போது அந்தத் தடை குறுக்கே நிற்காது. கூட்டத்துக்குள் நின்றால் முதுகுகள்தான் தெரியும். வீட்டுக்காரரிடமோ கடைக்காரரிடமோ முன்கூட்டியே கேட்டு மாடியில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. கனிவாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

கிருஷ்ணாபுரம் சிற்பங்களை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்?

திருச்செந்தூர் சாலையில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் வரும். நாயக்கர் காலத்துச் சிற்பக் கலையின் உச்சங்களில் ஒன்று இது. வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன், மன்மதன், ரதி, அரசிளங்குமரியைத் தூக்கிச் செல்லும் குறவன் என்று ஆளுயரச் சிற்பங்கள் தூணோடு தூணாக ஒரே கல்லில் நிற்கின்றன. விரல் நகம், கை நரம்பு, தோளில் தொங்கும் ஆரத்தின் ஒவ்வொரு மணி எனச் சிற்பி எதையும் விடவில்லை.

இவை மண்டபத்துக்குள் இருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையில்தான் உளி வேலையின் ஆழம் தெரியும். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நான்கரை மணிக்கு மேலோ போவது நல்லது. நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். படம் எடுக்கலாமா என்பதை வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி கிடைத்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். அது நிழலை அழித்துச் சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும்.

மலை அடிவாரத்தில் ஒரு நாள் என்றால் எந்த வழியில் போவது?

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் செல்வது பழைய, நல்ல வழி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இந்தப் பாதை நெடுக வயலும் வாழையும் தென்னையுமாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் பொதிகை. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயலில் மலை தலைகீழாகத் தெரியும் நாட்கள் ஆண்டுக்குச் சிலவே. காற்று எழும் முன், ஏழு மணிக்குள் அங்கே நின்றால்தான் அந்தப் பிம்பம் கலையாமல் கிடைக்கும்.

பாபநாசத்தில் கோயில் படித்துறை மீன்கள் பொரியைத் தின்று பழகியவை. காலைத் தண்ணீரில் வைத்தாலே கூடிவிடும். லென்ஸில் போலரைசர் பொருத்தினால் நீர் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கி மீன்களின் முதுகு தெளிவாகத் தெரியும். இதே படித்துறையில் பரிகாரம் என்ற பெயரில் ஆற்றில் விட்ட பழந்துணிகளும் கிடக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு எடுப்பதா, சேர்த்தே எடுப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் சேர்த்து எடுக்கிற கட்சி. மேலே அகத்தியர் அருவி இருக்கிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிச் செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பொருட்களுக்கு அனுமதியில்லை, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை.

திரும்பும் வழியில் வீரவநல்லூருக்கு அருகே திருப்புடைமருதூருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடம் அது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள் நிலைகளில் மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் உள்ளன. உள்ளே ஏறுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் ஊராரின் ஆதரவோடு அப்பகுதி 2005இல் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போக முடியுமா?

வனத்துறை அனுமதியின்றி முடியாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே அம்பாசமுத்திரத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மணிமுத்தாறு அணை 1958இல் கட்டி முடிக்கப்பட்டது. அணையும் அதற்கு மேலுள்ள அருவியும் வரை போய்த் திரும்புவதே பலருக்கு வாய்க்கும்.

மாஞ்சோலையை வெறும் பசுமைக் காட்சியாக மட்டும் எண்ணி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட நிலம் அது. குத்தகை முடியுமுன்பே தோட்ட நிறுவனம் விலக முடிவெடுத்ததால், தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்கள் 2024 முதல் வேலையும் இருப்பிடமும் குறித்த கவலையில் ஆழ்ந்தன. நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்ப்பெயரோடு படத்துக்குக் குறிப்பு எழுதினால், பார்க்கிறவருக்கு அது மனிதர்கள் வாழ்ந்த இடம் என்பதாவது தெரியும்.

குற்றாலத்தில் நல்ல படம் எடுப்பது எப்படி?

சீசன் காலத்து ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது முதல் படி. பேரருவியிலும் ஐந்தருவியிலும் எந்நேரமும் மக்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். குளிக்கிறவர்களைப் படம் எடுப்பது நாகரிகமன்று, எடுத்தால் சண்டையும் வரும். ஆகவே அருவியின் மேல் பாதியை மட்டும் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள், அல்லது பாறையும் சாரலும் மேகமும் சேரும் தூரக் காட்சியைத் தேடுங்கள். சாரலில் லென்ஸ் நனைந்துகொண்டே இருக்கும் என்பதால் பருத்தித் துணிகள் சிலவற்றைப் பையில் வைத்திருங்கள். தண்ணீரைப் பட்டிழையாகக் காட்ட அரை நொடி ஷட்டர் போதும். அதற்கு டிரைபாடும் ஒளியைக் குறைக்கும் ஃபில்டரும் தேவை.

குளிக்கத் தடை அறிவித்திருந்தால் அதை மதியுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் சில நிமிடங்களில் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் குடித்தது. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அதன் ராஜகோபுரம் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்கு கண்டது. சீசனில் கோபுர வாயிலில் அடிக்கும் காற்றைப் படத்தில் காட்ட வேண்டுமானால், வெளியே நின்று உள்ளே நுழைகிறவர்களின் சேலையையும் வேட்டியையும் கவனியுங்கள்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டம் எப்போது பூக்கும்?

பெரும்பாலும் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும். மொட்டுப் பருவத்தில் செடி சூரியனோடு திரும்பும். முற்றிய பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும். எனவே காலையில் போனால் வெளிச்சமும் பூ முகமும் பொருந்தும், மேற்கே மலை பின்னணியாக அமையும். மாலையில் போனால் பூக்களின் முதுகுதான் ஒளிரும். அவை விவசாயிகளின் வயல்கள்; வரப்பை விட்டு இறங்குமுன் கேளுங்கள், பூவைப் பறிக்காதீர்கள்.

கூந்தன்குளத்தில் பறவைகளை எவ்வளவு அருகில் பார்க்கலாம்?

வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். நாங்குநேரி வட்டாரத்தில், நெல்லையிலிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் காத்து வந்ததோ அதற்கு வெகு முன்பிருந்தே. குளத்துக் கருவேல மரங்கள் போதாமல், தெருவில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. கீழே கோலத்தின் மேல் எச்சம் சிதறியிருக்கும், திண்ணையில் மீன் செதில் கிடக்கும், வாடை கடுமையாக இருக்கும்; யாரும் கல் எறிவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பது ஒரு காரணம். பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்ற நம்பிக்கை இன்னொன்று. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் ஆகியவற்றோடு வரித்தலை வாத்து இமயத்துக்கு அப்பாலிருந்து வரும். நீர் வற்றி ஆழம் குறையும்போது பூநாரைகளும் வரலாம். 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் குளத்துப் பறவைகள் கிடைக்கும். தெருவோரக் கூடுகளுக்கு 200 மி.மீ. போதும். பெற்றோர் பறவை கூட்டை விட்டு எழுந்துவிட்டால், குஞ்சு வெயிலில் வாடும். அப்போது பின்வாங்குவதே முறை. தெருவில் டிரைபாடை விரித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை ஒதுங்கச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்ய வேண்டாம்.

தெற்கே காற்றாலைகளை எடுக்கலாமா? டிரோன் பறக்கவிடலாமா?

வள்ளியூரைத் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு வரை சாலையின் இருபுறமும் காற்றாலைகள்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பாயும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அவை ஓய்வதில்லை. மாலையில் சூரியன் மலை முகட்டில் இறங்கும்போது கிழக்கே நின்று எடுத்தால் காற்றாலைகள் கருநிழலாக விழும்.

டிரோன் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இதே பகுதியில்தான் மகேந்திரகிரி விண்வெளி ஆய்வு மையமும், விஜயநாராயணம் கடற்படைத் தளமும், கூடங்குளம் அணுமின் நிலையமும் உள்ளன. இவற்றின் அருகே டிரோன் மட்டுமல்ல, சாதாரணக் கேமராவை நீட்டுவதும் தொல்லையைத் தேடிக்கொள்வதாகும். விஜயநாராயணம் கூந்தன்குளத்திலிருந்து அதிகத் தொலைவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகத்திலும் வனத்துறை அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களுக்கு 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின் கட்டுப்பாடுகள் கூடுதல். பறக்கவிடும் முன் அரசு இணையதள வரைபடத்தில் அந்த இடம் தடைப் பகுதியா என்பதைக் காட்டும் நிறத்தைப் பாருங்கள்.

தேரிக்காடு, மணப்பாடு இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கலாமா?

தாராளமாக. நாசரேத், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துத் தேரியில் மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் நிலம் குங்கும நிறத்தில் இருக்கும். மதிய வெயிலில் அது வெளுத்துத் தெரியும். நான்கு மணிக்கு மேல்தான் நிறம் ஏறும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே, செம்மணலுக்கு நடுவே சுனையும் மரங்களும் இருப்பதைத் தவறவிடாதீர்கள். ஆடிக் காற்றில் மணல் பறக்கும் என்பதால் அங்கே நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். வண்டிக்குள் மாற்றிக்கொண்டு இறங்குங்கள்.

மணப்பாடு கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் அமைந்த ஊர். 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் உச்சியில் நிற்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை கீழே இருக்கிறது. மேட்டில் நின்றால் வள்ளங்கள், காயும் வலைகள், வளைந்த கரை எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். காலையில் இங்கே, பிற்பகலில் தேரி என்று வைத்துக்கொண்டால் வெளிச்சம் இரண்டு இடத்திலும் கைகொடுக்கும்.

கழுகுமலை போய் வரத் தகுந்ததா?

கல்வெட்டும் சிற்பமும் பிடித்தவர்களுக்கு நிச்சயமாக. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த ஒற்றைக்கல் கோயில், பாதியில் நின்றுபோனது. பாறைக் குழிக்குள் நிற்பதால் அதன் விமானம் மேலே நிற்பவரின் கண்மட்டத்துக்கு வரும். குழிக்குள் வெயில் இறங்க வேண்டும் என்பதால் இங்கு மட்டும் விடியற்காலை அவசரம் தேவையில்லை. அருகே பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன.

சொந்த வண்டி இல்லாமல் இவற்றில் எங்கெல்லாம் போகலாம்?

ரயிலே போதுமான இடங்கள் பல. செங்கோட்டை ரயிலில் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம், தென்காசி ஆகிய ஊர்களுக்குப் போகலாம். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் ஆற்றுப் பாலம் வரும், கேமராவைத் தயாராக வைத்திருங்கள். திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் வருகின்றன. ஆதிச்சநல்லூரில் பழங்கால முதுமக்கள் தாழிகள் கிடைத்த தாழிக்காட்டுக்கும், நவதிருப்பதி எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களில் சிலவற்றுக்கும் அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். பாபநாசத்துக்கும் குற்றாலத்துக்கும் நெல்லையிலிருந்து பேருந்து வசதி உண்டு. கூந்தன்குளம், தேரி, திருப்புடைமருதூர் ஆகியவற்றுக்குப் பேருந்தை நம்பினால் நல்ல வெளிச்சத்தைத் தவறவிடுவீர்கள்; இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாடகை வண்டி பேசிக்கொள்ளுங்கள். பேசும்போதே, வழியில் நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை ஓட்டுநர் அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள்.